வைத்தியர் கேட்ட பரிசு

போன வாரம் என் மகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு புலியைச் சைவமாக்கிவிட்டேன். கதைப்படி அது ஆட்டுக்குட்டியைத் தின்றாக வேண்டும். அந்த இடம் நெருங்கும்போது மடியிலிருந்தவளின் முகத்தைப் பார்த்தேன். எனக்குத் தைரியம் போய்விட்டது. புலிக்கு அன்று வயிறு சரியில்லை, அதனால் குட்டியை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டது என்று முடித்தேன். அவள் திருப்தியாக எழுந்து விளையாடப் போனாள். எனக்குத்தான் அன்று முழுவதும் வேலை ஓடவில்லை. நான்கு வயதுக் குழந்தையிடம் புலியைப் பற்றிப் பொய் சொல்லலாமா? நாளைக்கு எதையாவது நம்பி அவள் கையை நீட்டிவிட்டால்? என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். விழுப்புரத்துக்குப் புலி வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். அது பதிலா கேலியா என்று தெரியவில்லை.

கதையின் முடிவை மாற்றுவது எங்கள் குடும்பத்தில் நான் தொடங்கிய வழக்கமல்ல. என் சித்தி என்னைவிடத் துணிந்தவள். அவள் மாற்றிய ஒரு முடிவினால் அவளுடைய கல்யாணமே நின்றுபோகும் என்று நாங்கள் நடுங்கிய நாட்கள் உண்டு. அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்த நாட்களை மனத்தில் வரிசையாக வைத்துப் பார்க்கும்போதெல்லாம் எங்கேயோ ஓரிடத்தில் கணக்கு உதைக்கிறது.

யுத்தம் வருவதற்குச் சில வருஷம் முந்திய காலம் அது. நாங்கள் திண்டிவனத்தில் இருந்தோம். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பூசைக்கு முதல் மணி அடிப்பதற்கு முன்பே மாதா கோவிலில் போய் நிற்கிறவர். சித்தி அம்மாவின் தங்கை. பெற்றவர்கள் காலமானதும் எங்களோடு வந்துவிட்டாள். கன்னியாஸ்திரீகளின் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். ஏரிக்கு அந்தப் பக்கம் பேசும்பட டூரிங் கொட்டகை ஒன்று வந்து இறங்கியிருந்தது. அதற்குப் போகிற பெண்களைப் பற்றிக் கோவில் சாமியார் பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். ஆகவே வாத்தியார் வீட்டுப் பெண்கள் அங்கே போவது என்கிற பேச்சே எழவில்லை.

ஆனால் கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். மெல்லிய தாள், மேலட்டையில் மசங்கலாக ஒரு ராணி, உள்ளே கதைச் சுருக்கம், பாட்டுகள், கடைசியில் கூந்தல் தைலத்துக்கும் லேகியத்துக்கும் விளம்பரம். அப்பாவுக்கு அச்சில் வந்தவற்றின் மேல் மரியாதை அதிகம். திரையில் ஆடுவது பாவத்துக்கு ஏதுவாகலாம், தாளில் நிற்பது படிப்புதானே என்பது அவருடைய கொள்கை. எனவே எதிர்வீட்டு அக்கா படம் பார்த்துவிட்டுக் கொண்டுவந்து கொடுக்கும் புத்தகங்கள் எங்கள் வீட்டில் தடையில்லாமல் புழங்கின. அந்த அக்காவின் கணவர் மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை மண்டி, வைத்திருந்தார். மண்டி மூடும் நாளெல்லாம் அவர்களுக்குக் கொட்டகைதான்.

அந்தப் புத்தகங்களில் ஒரு சங்கடம் உண்டு. கதை நல்ல கட்டத்துக்கு வரும்போது நின்றுவிடும். "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று ஒரு வரி போட்டிருப்பார்கள். வெள்ளித்திரையைக் காண வழியில்லாத சித்தி என்ன செய்வாள்? அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து மிளகாய் அரைத்துக்கொண்டே மீதியைத் தானே சொல்லி முடித்துவிடுவாள்.

ஒரு படமும் பார்க்காத சித்திதான் எங்கள் தெருவில் எல்லாப் படத்துக்கும் தீர்ப்புச் சொல்கிறவள். கத்தியை உருவுவதற்கு முன் நாலு பாட்டுப் பாடுகிறவன் யாரையும் காப்பாற்றப் போவதில்லை என்பாள். எல்லாப் படத்திலும் ஒரு வேலைக்காரனும் வேலைக்காரியும் கதைக்குச் சம்பந்தமில்லாமல் சண்டை போட்டுச் சிரிக்க வைப்பார்கள் அல்லவா, அவர்களைச் சித்திக்கு ஆகாது. "ராணி காட்டுல அழுதுகினு இருக்கா, இதுங்க இங்க அப்பளத்துக்கு அடிச்சிக்கினு கெடக்குதுங்க. ராஜா மொதல்ல இதுங்களத்தான் நாடு கடத்தணும்" என்பாள். கேணியடியில் தண்ணீர் சேந்த வந்தவர்கள் குடத்தை வைத்துவிட்டுச் சிரிப்பார்கள்.

எதிர்வீட்டு அக்கா மட்டும் நொந்துகொள்வாள். "உன் கதைய கேட்டுட்டுப் போறேன் பாரு, என்னைச் சொல்லணும். அங்க போனா ஒண்ணுமே நீ சொன்னாப்புல இல்ல. பேஜாரா போச்சு."

"படம் எடுத்தவன் என்கிட்ட கேக்காம எடுத்துட்டான்க்கா. நான் இன்னா பண்றது?" என்பாள் சித்தி.

அப்படி வந்த புத்தகங்களில் ஒன்றுதான் வைத்தியர் கதை. மந்திரியின் பேச்சைக் கேட்டு ராஜா தன் ராணியைக் காட்டுக்கு விரட்டிவிடுகிறான். காட்டில் அவளுக்குக் குழந்தை பிறக்கிறது. ஒரு கிழவரிடம் மூலிகை வைத்தியம் கற்கிறாள். பல வருஷம் கழித்து ராஜாவுக்குக் கண் பார்வை போகிறது. ராணி ஆண் வேஷத்தில் வைத்தியராக வந்து குணப்படுத்துகிறாள். என்ன பரிசு வேண்டும், கேள் என்கிறான் ராஜா. வைத்தியர் கேட்ட பரிசு என்ன? மீதியை வெள்ளித்திரையில் காண்க.

சித்தி அன்று தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சில்லுகளைத் திருடிக்கொண்டிருந்தேன். குழவியை நிறுத்திவிட்டுக் கையில் ஒட்டிய தேங்காயை வழித்தாள். பிறகு சொன்னாள். வைத்தியர் தலைப்பாகையை அவிழ்க்கிறார். கூந்தல் விழுகிறது. ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்து, அரண்மனைக்குத் திரும்பி வா என்கிறான். ராணி சொல்கிறாள்: "என்னை அனுப்பும்போது ஒரு வார்த்தை கேட்டீரா? கேட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. இனிமேல் எதைச் செய்தாலும் கேட்டுச் செய்யும். அதுதான் நான் கேட்கும் பரிசு. நான் வருகிறேன்." சொல்லிவிட்டுக் காட்டைப் பார்க்க நடக்கிறாள். ராஜா படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறான். அவ்வளவுதான். சித்தி மறுபடி குழவியை உருட்ட ஆரம்பித்தாள்.

எதிர்வீட்டு அக்கா பார்த்த படத்தில் ராணி ராஜாவின் காலில் விழுந்து, உம்முடைய பாதத்தடியில் எனக்கு ஒரு இடம் தந்தால் போதும் என்கிறாளாம். பூமாரி பொழிகிறதாம். அந்த வேலைக்காரனும் வேலைக்காரியும் கூட ஆடுகிறார்களாம். சித்தி காதைப் பொத்திக்கொண்டாள்.

இது நடந்து கொஞ்ச நாளில் விழுப்புரத்திலிருந்து சித்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ரயில்வேயில் கூட்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. அவருடைய அம்மாவும் அக்காவும் கூட வந்திருந்தார்கள். நல்ல இடம், நம்மவர்கள், கேட்பதும் அதிகமில்லை என்று அப்பா முந்தின நாளே பல தடவை சொல்லிவிட்டார். சித்திக்கு வயது இருபது ஆகியிருந்தது. இரண்டு இடம் ஏற்கெனவே தட்டிப்போயிருந்தன. வாயாடிப் பெண் என்று ஒரு பேச்சு எப்படியோ பரவியிருந்தது. ஆகையால் அம்மா சித்தியைத் தனியே கூப்பிட்டு, கேட்டால் மட்டும் பேச வேண்டும், கேட்டதற்கு மட்டும் பேச வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

சித்தி அந்தச் சத்தியத்தை மீறவில்லை என்பதை நான் இங்கே சொல்ல வேண்டும். அவர்கள்தான் கேட்டார்கள்.

மாப்பிள்ளையின் அக்கா நல்ல மனசுக்காரி, படப் பைத்தியம். ரயில்வேக்காரர்கள் வீட்டில் கொட்டகைக்குப் போவது தப்பாக இல்லை போலிருக்கிறது. உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள், அந்த வைத்தியர் படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். "கடைசில சரியான கட்டம். பாழாப்போன புள்ள வீல்னு கத்த ஆரம்பிச்சிட்டான். தூக்கிக்கினு வெளிய வந்துட்டேன். இவனும்தான் பார்த்தான், எங்க தம்பி. முடிவு இன்னாடான்னு கேட்டா, போய்ப் பாருன்றான். படமே ஊரை விட்டுப் போயிட்டுது. ஏம்மா, உனக்குத் தெரியுமா அந்த வைத்தியர் இன்னா கேட்டாருன்னு?"

சித்தி ஒரு கணம் அம்மாவைப் பார்த்தாள். அம்மா எச்சரிப்பதற்குள் சித்தி சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அம்மியடியில் சொன்னது வெறும் ஒத்திகை என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. தலைப்பாகை அவிழ்வதற்கே அவள் எடுத்துக்கொண்ட நேரத்தில் அம்மா இரண்டு தரம் தொண்டையைக் கனைத்தாள். ராணி காட்டைப் பார்க்கத் திரும்பியபோது மாப்பிள்ளையின் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை முன்கூடத்தில் அப்பாவோடு உட்கார்ந்திருந்தார். வாயருகே கொண்டுபோன காப்பித் தம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். காப்பியின் மேல் ஆடை படிந்ததை நான் பார்த்தேன்.

மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் கேட்டாள்: "ஏம்மா, அப்ப நீ கொட்டகைக்குப் போவியா?"

கூடத்தில் இருந்த காற்றெல்லாம் வெளியே போய்விட்டதுபோல் இருந்தது. போனேன் என்றால் அப்பாவின் மானம் போகும், ஒருவேளை வேலையும் போகும். போகவில்லை என்றால் இவ்வளவு நேரம் சொன்னது என்ன?

"இல்லீங்க. கேட்டுத் தெரிஞ்சிக்கினேன்" என்றாள் சித்தி.

மாப்பிள்ளையின் அம்மா முகம் மலர்ந்தது. "அதானே பார்த்தேன். நமக்கு இந்தப் பொய், பித்தலாட்டம் மட்டும் ஆகாது வாத்தியாரே. வேற எந்தக் குறையும் பொறுத்துக்குவேன். இது வெளிப்படையான பொண்ணு" என்றாள். மாப்பிள்ளை ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். தாம்பூலம் மாறியது.

எனக்கு அப்போதுதான் குழப்பம் ஆரம்பித்தது. சித்தி யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அவள் அதை உண்டாக்கியபோது என் வாயில் தேங்காய்ச் சில்லு இருந்தது.

தபசு காலத்து நாற்பது நாள் நோன்பில் விவாகம் கூடாது. அது வருவதற்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்பதால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கோவிலில் ஓலை வாசித்தார்கள். எங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் வாசிக்கப்படும். இந்த விவாகத்துக்கு விக்கினம் ஏதேனும் இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் சொல்லியே ஆக வேண்டும், மறைப்பது பாவம் என்றும் சாமியார் அறிவிப்பார். எத்தனையோ பேருக்கு வாசித்ததைக் கேட்டிருக்கிறேன். ஆனால் அது என்னைப் பார்த்துச் சொல்லப்படுவதாக அன்றுதான் தோன்றியது. எனக்கு அது முதன்முதலாக நற்கருணை, அதாவது புதுநன்மை, வாங்கிய வருஷம். பாவங்களைப் பற்றி நன்றாகப் படித்து வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் விக்கினம் என்றால் என்ன என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் பிள்ளைகளின் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்துக்குத் தெரிந்தால் கல்யாணமே வேண்டாம் என்று போகக்கூடிய விஷயத்தை இன்னொரு பக்கத்தார் மறைத்திருப்பது, அதைப்போல என்றார். வாத்தியார் அல்லவா, உதாரணத்தோடு சொல்வார் என்று காத்திருந்தேன். உதாரணம் வேண்டாம் என்று விட்டுவிட்டார். எனக்கும் தேவைப்படவில்லை.

இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. அந்த வாரம் விழுப்புரத்திலிருந்து ஆள் மூலம் சேதி வந்தது. அந்தப் படம் அங்கே மறுபடி வந்திருக்கிறதாம். வரப்போகிற பெண் சொன்ன முடிவைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று மாப்பிள்ளையின் அக்கா, தன் அம்மாவையும் தம்பியையும் அழைத்துக்கொண்டு சனிக்கிழமை போகப்போகிறாளாம். சேதி கொண்டுவந்தவர் அதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அம்மா அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு சினிமாக் கதைக்காடி கல்யாணம் நிக்கணும்? எங்கக்கா சொன்னான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் தலையில போயிருக்குமே."

"உனக்கு அவ்ளோ கற்பனை ஏதுன்னு கேட்டிருப்பாங்கக்கா" என்றாள் சித்தி. ஆனால் குரலில் விளையாட்டு இல்லை. சாப்பாட்டுத் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "அந்தம்மா பொய் ஆகாதுன்னாங்க. அவரும்தான் படத்தைப் பார்த்திருக்காரு. எனக்கு அப்பவே தெரியும். இருந்தும் வாய நிறுத்த முடியல. அவரு கேட்டுகினு இருந்தாரு."

அப்பாவிடம் இருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் அன்றைக்கே வண்டியேறி விழுப்புரம் போய் உண்மையைச் சொல்லிவிட்டு வந்திருப்பார். அவர் அப்படிப்பட்டவர்.

நான் சனிக்கிழமை காலை சாமியாரிடம் போனேன். கோவிலுக்குப் பின்னால் தோட்டத்தில் கத்தரிச் செடிக்குத் தண்ணீர் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். வயதானவர், அங்கி நுனியைத் தூக்கிச் சொருகியிருந்தார். ஸ்தோத்திரம் சொன்னேன். ஆசீர்வாதம் கொடுத்துவிட்டு என்ன என்று கேட்டார்.

"ஒரு விக்கினம் இருக்குது சாமி" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. கையை உதறிக்கொண்டு கேணிச் சுவரில் உட்கார்ந்தார். நான் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியாததால் மந்திரி ராஜாவிடம் கோள் சொன்ன இடத்திலிருந்து தொடங்கிவிட்டேன். எந்த ராஜா, எந்த ஊர் மந்திரி என்று அவர் கொஞ்ச நேரம் திணறினார். பிறகு புரிந்துகொண்டு, மேலே சொல்லு என்றார். வாய்க்காலில் தண்ணீர் பாத்தியை விட்டு வழிந்து போயிற்று. அவர் பார்க்கவில்லை.

ராணி காட்டைப் பார்க்க நடந்ததும் நிறுத்தினேன்.

"அப்புறம்?"

"அவ்ளோதான் சாமி. முடிஞ்சிப்போச்சி."

"குழந்தை என்ன ஆச்சு? காட்டில் ஒரு குழந்தை பிறந்ததே?"

நான் திகைத்தேன். சித்தி குழந்தையைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. "தெரியல சாமி. சித்தியக் கேட்டுட்டு ஜல்தியா வந்துடட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம்" என்றார் அவசரமாக. பிறகு என்ன நினைத்துக்கொண்டாரோ, சிரிப்பை அடக்குகிறவர்போல் தாடியைத் தடவினார். இதெல்லாம் விக்கினத்தில் சேராது, நீ வீட்டுக்குப் போய் மாதாவுக்கு ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல் என்றார். சித்திக்காகவா எனக்காகவா என்று கேட்டேன். இருவருக்கும் சேர்த்து என்றார். பாவமில்லை என்றால் மந்திரம் எதற்கு, பாவம் என்றால் ஒரு மந்திரம் எப்படிப் போதும் என்று வழி நெடுக யோசித்தேன். கொட்டகைக்குப் போகக் கூடாது என்று பிரசங்கம் செய்தவர் கொட்டகைக் கதையில் குழந்தை என்ன ஆயிற்று என்று ஏன் கேட்க வேண்டும் என்பதும் சேர்ந்துகொண்டது.

மூன்றாம் ஓலையும் வாசித்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. அன்று பிற்பகல் வண்டியில், சொல்லாமல் கொள்ளாமல், விழுப்புரத்திலிருந்து மூன்று பேரும் வந்து இறங்கிவிட்டார்கள்.

சித்தி அப்போது கூடத்து மூலையில் புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். வாசலில் அவர்களைக் கண்டதும் முறத்தோடு உள் அறைக்குள் போய்விட்டாள். நானும் பின்னால் ஓடினேன். கதவிடுக்கால் பார்த்தோம். மாப்பிள்ளையின் அக்கா முகம் சிவந்திருந்தது. அம்மா தண்ணீர்ச் செம்பை நீட்டினாள்.

"தண்ணியெல்லாம் இருக்கட்டும். ஏமாத்திட்டானுங்க!" என்றாள் அக்கா.

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. யார், என்ன என்று கேட்டார்.

"கொட்டகைக்காரனுங்கதான்! உங்க பொண்ணு சொன்ன முடிவே இல்ல. தலைப்பாகைய அவுக்கறா, மொகத்த மூடிக்கினு பொத்துனு கால்ல விழறா. மேலேர்ந்து பூவக் கொட்டி மணி அடிச்சிட்டானுங்க. கடைசி ரீலை வெட்டிட்டு வேற எத்தையோ ஒட்டிட்டான். நான் விடுவேனா? டிக்கெட் குடுக்கறவன் சட்டையப் புடிச்சிட்டேன். திண்டிவனத்துக்காரனுக்கு ஒரு படம், விழுப்புரத்துக்காரனுக்கு ஒரு படமாடா? எங்க வீட்டுக்கு வரப்போற பொண்ணு முழுசா கேட்டு வெச்சிக்கினு இருக்கா, அவளக் கூட்டிக்கினு வந்து நிக்க வெக்கட்டுமான்னேன். படமே இவ்ளோதாம்மான்னு சத்தியம் பண்றான் திருட்டுப் பய."

அப்பா அந்தப் படத்தை அறியாதவர் ஆகையால், வியாபாரிகளிடம் நாணயம் குறைந்துவிட்டது என்று வருத்தப்பட்டார். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா மகளைப்போல் கோபமாக இல்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"கத்தாதடி. கொட்டகைக்காரன் சொல்றது நெசமா, இந்தப் பொண்ணு சொன்னது நெசமான்னு கேட்டுத் தெரிஞ்சிக்கத்தான் நான் வந்தேன். வழியெல்லாம் இவனக் கேக்கறேன், வாயத் தொறக்கல" என்று மகனைப் பார்த்தாள். "டேய், நீதான மொதல்ல முழுசா பார்த்தவன். இங்க, வாத்தியார் முன்னால சொல்லு. அந்த முடிவு இருந்துச்சா இல்லியா?"

என் தோளில் இருந்த சித்தியின் கை புளிப் பிசுக்கோடு இறுகியது. மாப்பிள்ளை எங்கள் பக்கம் திரும்பவில்லை. சுவரில் மாட்டியிருந்த தேவமாதா படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசாதவர் என்று சொல்லியிருந்தார்கள். அன்று வரை நானும் அவர் குரலைச் சரியாகக் கேட்டதில்லை.

"இருந்துச்சும்மா" என்றார்.

"கால்ல விழலியா?"

"இல்ல. ஒரு வார்த்தை கேட்டியான்னு கேட்டுட்டு நடந்துடறா." நிறுத்தினார். பிறகு, "ராஜா கிரீடத்தக் கழட்டிப் படிக்கட்டுல வெச்சிட்டு, கால்ல செருப்பு கூட இல்லாம அவ பின்னாலயே போறான். காட்டுக்கு. அதான் முடிவு" என்றார்.

"நான் சொல்லல? நான் சொல்லல?" என்று அக்கா தொடையில் தட்டினாள். மாப்பிள்ளையின் அம்மா மகனை உற்றுப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள் என்று நினைக்கிறேன். பிறகு என் அம்மாவிடம் செம்பை வாங்கிக் குடித்துவிட்டு, பந்தலுக்குக் கீற்று சொல்லியாயிற்றா என்று கேட்டாள். அம்மா கண்ணீரை அடுப்புப் புகையின் மேல் போடலாம் என்று அடுப்படிக்கு ஓடினாள். அடுப்பில் நெருப்பு இல்லை.

நான் சித்தியிடம் திரும்பினேன். எனக்குள் எல்லாம் ஒன்றோடொன்று மோதின. சித்தி உண்டாக்கிய முடிவு விழுப்புரத்தில் ஓடியிருக்க முடியாது. அப்படியே ஏதோ அதிசயத்தால் ஓடியிருந்தாலும், சித்தியின் கதையில் ராஜா படிக்கட்டிலேயே நிற்கிறான். எங்கேயும் போகவில்லை.

"நீ அப்படிச் சொல்லவே இல்லியே சித்தி. ராஜா நின்னுகினு பார்க்கறான்னுதானே சொன்ன?"

"ஆமா."

"அப்போ அவரு பொய்தானே சொல்றாரு?"

"ஆமான்டி."

அவளை எச்சரிக்க வேண்டியது என் கடமை என்று எனக்குப் பட்டது. பெற்ற தாய் முன்னால், என் அப்பா முன்னால், தேவமாதாவைப் பார்த்துக்கொண்டே இவ்வளவு சரளமாகப் பொய் சொல்கிறவர் நாளைக்கு இன்னும் என்ன சொல்ல மாட்டார்? அதை அவள் காதருகே சொன்னேன்.

சித்தி முறத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு மறுபடி புளியை எடுத்தாள். கொட்டையையும் சுளையையும் ஒரே பக்கமாகப் போட்டுக்கொண்டே போனாள். நான் சுட்டிக்காட்டினேன், அவள் கேட்கவில்லை. கட்டிக்கொள்ளப்போகிறவர் பொய்க்காரர் என்று தெரிந்த பிறகும் ஒருத்தி எதற்காக இப்படித் தனக்குள் சிரித்துக்கொள்கிறாள் என்று, அவள் கலந்து போட்டதையெல்லாம் பிரித்து எடுத்துக்கொண்டே, அன்று மாலை முழுவதும் நான் யோசித்தேன்.